காயாத முகம்

பாரிஸ், 1794 ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய பென்ஹாலோ ஐயா அவர்களுக்கு,

உங்களுக்காகத் தேதியைப் பழைய கணக்கில் போட்டிருக்கிறேன். புரட்சி அரசு வைத்த புது மாதங்களின் பெயர்கள் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. தாளில் மீன் நாற்றம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் லிசெத்தின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் நீங்கள் தங்கியிருக்கும் துறைமுகத்திலிருந்து பாரிஸ் சந்தைக்கு மீன் வண்டி ஓட்டுகிறவன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

லிசெத் யாரென்று யோசிப்பீர்கள். நீங்கள் கண்டுபிடித்த, முகம் வரையும் கருவியைச் செய்துகொடுத்தானே கடிகாரக்காரன் மத்துரேன், அவனுடைய மனைவி. மத்துரேனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மாதக் கடைசியில் விசாரணை. இங்கே இப்போது விசாரணை எப்படி நடக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் பெயரைக் கூப்பிடுகிறார்கள், சாயங்காலம் வண்டியில் ஏற்றிக் கில்லட்டினுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அவன் மேல் குற்றம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் குதிரைப் பயிற்சி மண்டபத்தில், ராஜாவை வைத்துக்கொண்டே நாட்டைத் திருத்துவோம் என்று ஒரு சங்கத்தார் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்களே, அவர்களில் அவனும் ஒருவனாம். அன்றைக்கு அதன் பெயர் தேசபக்தி. இன்றைக்கு ராஜாவுக்கே தலை இல்லை, சத்தியம் செய்தவனுக்கு எதற்கு என்கிறார்கள். ஆதாரம் என்ன தெரியுமா? நான் வரைந்த படம்.

சுவர் முழுக்க நிற்கிற அந்தப் படத்தை நீங்களே பார்த்துப் பாராட்டினீர்கள். சங்கத்தார் ஒவ்வொருவரையும் உங்கள் கருவியின் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கவாட்டு முகத்தைக் கோடு பிசகாமல் எடுத்தேன். கருவி ஓடுகிறதா என்று பார்க்க முதலில் உட்கார்ந்தவன் மத்துரேன். படம் முக்கால்வாசி முடிந்தபோது இடது மூலையில், ஜன்னலோரம், ஒரு ஓட்டை விழுந்தது. அங்கே ஒருவன் கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்க்காவிட்டால் மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் சரிகிற மாதிரி இருந்தது. சங்கத்தாரில் ஒருவனுக்கும் கழுத்து என்று ஒன்று கிடையாது. எல்லாம் விருந்து சாப்பிட்டே வளர்ந்த உடம்பு. மத்துரேனின் சோதனைத் தாள் மேசையில் கிடந்தது. எடுத்து வைத்துவிட்டேன். வரலாற்று ஓவியன் எவனும் அதைத்தான் செய்வான்.

அவன் அந்தச் சங்கத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. சத்தியம் நடந்த அன்று அவன் ஊருக்கு வெளியே, பாஸியில் உங்கள் வீட்டில் இருந்தான். உங்களுக்குக் கீல்வாதம் வந்து கால் வீங்கிக் கிடந்தது. உங்கள் நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான், உங்களை வரைந்துகொண்டிருந்தேன். உங்கள் வேலைக்காரர்கள் இப்போது எந்தத் திசையில் இருக்கிறார்களோ தெரியாது. மிச்சமிருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

நான் கண்காணிப்புக் குழுவிடம் போய்ச் சொன்னேன். குமாஸ்தா சிரித்தான். "படத்துல இருக்கிற அத்தனை பேரும் நான் அங்க இல்லேன்னுதான் சொல்றான். இப்ப வரைஞ்ச நீயே வந்து இல்லேங்கிறியா? நல்லா இருக்குடா கதை!" பிறகு ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். உங்கள் கருவியைப் பற்றி நீங்களே அச்சிட்டது. "வந்து உட்காராத மனிதனை இந்தக் கருவி வரையாது. இது பொய் சொல்லாது." உங்கள் வாக்கியம்தான் ஐயா.

நீங்கள் கடல் கடந்த ஒரு குடியரசின் தூதர். மத்துரேன் அன்று எங்கே இருந்தான் என்று சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் அனுப்புங்கள். அதைத் தள்ளிவிட அவர்களுக்குத் துணிச்சல் வராது.

உங்கள் ஊழியன்,
அன்செல்ம் வொக்கியே


லெ ஹாவ்ர் துறைமுகம், ஏப்ரல் 12

அருமை வொக்கியே,

கடிதம் கிடைத்தது. மீன் நாற்றமும் சேர்ந்தே கிடைத்தது. உட்கார்ந்து படித்தேன். அந்தச் சக்கர நாற்காலியில்தான்.

மத்துரேனுக்காக என் மனம் அடித்துக்கொள்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்து நீங்கள் என்னை வேறு மாதிரி நினைக்கக்கூடாது என்பதற்காக.

நான் ஊர் திரும்பும் வழியில் இங்கே காற்று வாங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கிறீர்கள் போலும். எங்கள் கப்பல்களை நங்கூரத்தோடு நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாலுமிகளைக் கோட்டைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள். அங்கே காய்ச்சல் பரவியிருக்கிறது. தினமும் துறைமுகக் குழுவின் முன்னால் போய் நின்று, இளித்து, அவர்கள் புகைபோக்கியைச் சரிசெய்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர்களை இளக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் அந்நிய தூதன் ஒருவன் இந்நாட்டு வழக்கில் மூக்கை நுழைத்தால் எல்லாம் பாழ். அந்த மாலுமிகளுக்கும் மனைவிமார் இருக்கிறார்கள்.

மத்துரேனே நேராகச் சொல்லட்டுமே, நான் அங்கே இல்லை என்று? அவனை ஒயின் கடையில் எத்தனையோ பேருக்குத் தெரியும். அவர்கள் சொல்ல மாட்டார்களா?

கடைசியாக ஒன்று. என் கருவி பொய் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்தான், அது வரைந்தது. ஒரு மனிதனைக் கழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகத் தூக்கி வேறிடத்தில் வைத்தது நீங்கள்.

உங்கள்,
ஜோசையா பென்ஹாலோ


பாரிஸ், ஏப்ரல் 15

பென்ஹாலோ ஐயா,

நான்தான் வைத்தேன். அதை மறுத்து ஒரு வரியும் எழுதவில்லையே. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நின்று "இந்த இடது மூலை அற்புதம்" என்று தட்டிக்கொடுத்தவர் யார் என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவன் அங்கே இல்லை என்று அப்போதும் உங்களுக்குத் தெரியும்.

ஒயின் கடை ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்கிறீர்கள். ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்கள், அரசுத் தரப்பில்! மூன்று வருஷமாக அந்த முட்டாள் தெருத் தெருவாக என்ன சொல்லிக்கொண்டு திரிந்தான் தெரியுமா? தானும் அந்த மண்டபத்தில் நின்று சத்தியம் செய்ததாக. கடிகாரம் வாங்க வருகிறவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அழைத்துப்போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறான்.

நேற்று சிறைக் கம்பிக்கு வெளியே நின்று அவனைத் திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நான் என்ன பொய்யா சொன்னேன்? படத்துல இருக்கேன்ல? ஆரம்பத்துல நான் ஒண்ணும் சொல்லலை. படத்தைப் பாத்துட்டு அவங்களா கேட்டாங்க, நீயும் இருந்தியாமேன்னு. ஆமான்னு சொன்னா ஒரு கோப்பை வாங்கிக் குடுக்கிறாங்க, தோள்ல கை போடுறாங்க. போகப் போக எனக்கே இருந்த மாதிரிதான் தோணிச்சு."

பிறகு கேட்டான்: "கிழவர் என்ன சொன்னாரு? அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு லிசெத்துகிட்ட சொல்லிட்டேன். அவர் சொல்லிடுவாரு."

உங்கள் நாற்காலிச் சக்கரம் இன்னும் கிறீச்சிடுகிறதா என்று கேட்கச் சொன்னான். கிறீச்சிட்டால் வாத்துக் கொழுப்பு தடவவேண்டுமாம், எண்ணெய் கூடாதாம்.

உங்கள் மாலுமிகளுக்குக் காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். இவனுக்கு வரப்போவது நிச்சயம். கெஞ்சிக் கேட்கிறேன்.

வொக்கியே


லெ ஹாவ்ர், ஏப்ரல் 18

அருமை வொக்கியே,

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மத்துரேன் நேர்மையான தொழிலாளி என்றும், அவனைப் பல வருஷமாக அறிவேன் என்றும், அரசியலில் அவனுக்கு நாட்டம் இருந்து நான் பார்த்ததில்லை என்றும் என் கைப்பட எழுதியிருக்கிறேன். நாள், இடம் எதுவும் குறிப்பிடவில்லை. இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

துறைமுகக் குழுவின் தலைவனிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், பாரிசில் எனக்குத் தெரிந்த ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று. அவன் பூட்ஸ் காலை மேசைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டான்: "உன் ஆளுங்களை விடணுமா, வேணாமா? விடணும்னா உன் சோலியைப் பாத்துட்டுப் போ, பெரியவரே." அவ்வளவுதான் பேச்சு.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். சக்கரம் கிறீச்சிடுகிறது. வாத்துக் கொழுப்பு தடவினேன். நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பென்ஹாலோ


பாரிஸ், ஏப்ரல் 21

பென்ஹாலோவுக்கு,

இங்கே எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடவேண்டும் என்று உத்தரவு. உனக்கு மட்டும் இத்தனை நாள் மரியாதைக்காக மீறிக்கொண்டிருந்தேன். இனி மீறப்போவதில்லை.

உன் தாளை லிசெத்திடம் வாசித்துக் காட்டினேன். சமையற்காரியை வேறு வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக்கொடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு நற்சான்று! கை சுத்தம், பழகத் தகுந்தவன்! லிசெத் கடைசிவரை கேட்டுவிட்டு, "இது எதுக்கு ஆகும்?" என்றாள். "பெரிய மனுஷங்க கடிதாசி எழுதினா அதுல மனுஷன் இருக்க மாட்டானா?" என்று கேட்டுவிட்டு அதை மடித்து ரொட்டிக் கூடைக்கு அடியில் வைத்தாள். அடுப்பில் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை.

நீ மின்னலுக்குக் கம்பி போட்டாய், புகை வராத அடுப்பு செய்தாய், ஒரு தேசத்தையே செய்தவர்களில் ஒருவன் என்று சொல்லிக்கொள்கிறாய். ஒரே ஒரு நாளை ஞாபகம் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. பாஸியில் உன் தோட்டத்தில் உட்கார்ந்து மனித உரிமை பற்றி நீ பேசினதையெல்லாம் நான் வாய் பிளந்து கேட்டேன். என்னைச் சொல்லவேண்டும்.

இன்னும் ஒன்று கேள். எனக்குக் குழுவிடமிருந்து உத்தரவு வந்திருக்கிறது. விளக்குப் புகை படிந்து படம் கறுத்துக் கிடக்கிறதாம், இடது மூலையில் முகம் சரியாகத் தெரியவில்லையாம். நீதிமன்றத்தில் மாட்டுவதற்கு முன்னால் நானே அதைச் சுத்தம் செய்து வார்னிஷ் அடித்துக் கொடுக்கவேண்டுமாம். அவன் கழுத்து நன்றாகத் தெரியும்படி நானே துடைத்துக் கொடுக்கவேண்டும்! நாளை மறுநாள் தூரிகைகளோடு போகிறேன்.

இனி உனக்கு எழுதமாட்டேன்.

வொக்கியே


லெ ஹாவ்ர், ஏப்ரல் 24

வொக்கியே,

நீ என்றே கூப்பிடுங்கள். அதற்கும் எனக்குத் தகுதி இல்லை.

இன்று காலை குழுவின் முன்னால் போய்ச் சத்தியம் செய்துவிட்டேன். குதிரைப் பயிற்சி மண்டபத்தில் சத்தியம் நடந்த அன்று, விடிந்ததிலிருந்து விளக்கு ஏற்றும்வரை, கடிகாரக்காரன் மத்துரேன் கொர்மியே பாஸியில் என் வீட்டில் இருந்தான். ஓவியர் அன்செல்ம் வொக்கியேயும் இருந்தார். இருவரும் என்னோடு ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டார்கள். எதையும் மறைக்கவில்லை.

தலைவன் காலை மேசையிலிருந்து இறக்கினான். "அப்ப உன் கப்பல் இங்கேயே அழுகட்டும்" என்றான். மாலுமிகளை மேல்தளத்திலிருந்து இறக்கி, கடல் தண்ணீர் கசிகிற அறைகளில் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது எங்கள் ஆள் ஒருவன், என் ஊர்க்காரன், ஜன்னல் கம்பி வழியாக என் காலடியில் துப்பினான். துடைத்துக்கொள்ளவில்லை.

வாக்குமூலத்தை மொழிபெயர்த்து முத்திரை வைத்து அரசாங்க ஆள் மூலம்தான் அனுப்பவேண்டுமாம். சில நாள் ஆகும். அதற்குள் விசாரணை வந்துவிட்டால் எப்படியாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். லிசெத்திடம் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தில் மனிதன் இருக்கிறான் என்று. பிந்தித்தான் வந்திருக்கிறான்.

ஜோசையா பென்ஹாலோ


பாரிஸ், சிறையிலிருந்து, ஏப்ரல் 28

மதிப்பிற்குரிய பென்ஹாலோ ஐயா,

மறுபடி நீங்கள் என்றே எழுதுகிறேன். இந்த உத்தரவை மீறினால் எனக்குக் கூடுதலாக என்ன தண்டனை கொடுத்துவிடப் போகிறார்கள்?

உங்கள் கடிதம் நேற்று வந்தது. லிசெத் துவைத்த சட்டைக்குள் மடித்துக் கொண்டுவந்தாள். விசாரணை அதற்கு முந்தின நாள் முடிந்துவிட்டது. மத்துரேன் வீட்டுக்குப் போய்விட்டான். சிறையில் இருப்பது நான்.

படத்தைத் துடைக்கப் போனேன் அல்லவா? காவலன் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தான். புகைக்கறையைத் துடைக்கத் துடைக்க மத்துரேன் வந்தான். அந்தக் கழுத்து! நான் போட்டதிலேயே நல்ல கழுத்து ஐயா. அதை அழித்து வெறும் சுவராக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தலைகளை அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். வேறு ஏதாவது கற்பனை முகம் போடலாமென்றால், உங்கள் கருவி உட்காராதவனை வரையாது என்பதுதானே அவர்கள் வேதம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் யாரென்று தேடிப் பாரிசில் நீளக் கழுத்துள்ளவனையெல்லாம் பிடிப்பார்கள். சொந்தக்காரன் உள்ள முகமாகப் போடவேண்டும். என்னிடம் இருந்த முகம் ஒன்றுதான். ஓவியன் கூட்டத்தின் ஓரத்தில் தன்னையும் நிறுத்திக்கொள்வது எங்கள் பழைய வழக்கம், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்து என் பக்கவாட்டு முகத்தைப் போட்டேன். மேலே வார்னிஷ் அடித்தேன். அந்த நாற்றத்தில் புது வண்ணத்தின் வாசனை அடங்கிவிட்டது.

நீதிமன்றத்தில் மத்துரேனைப் படத்துக்குப் பக்கத்தில் திருப்பி நிறுத்தினார்கள். மேல்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை கத்தினாள்: "அட, அது படம் போட்டவன் மூஞ்சிடி! அதோ நிக்கிறான் பாரு, அவனேதான்!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்துரேன் செய்ததைக் கேளுங்கள். அவன் படத்தைப் பார்த்தான். முகம் தொங்கிப்போய்விட்டது. "அது நான்ல..." என்று ஆரம்பித்தான்! தன் இடம் பறிபோய்விட்டதாம்! நல்லவேளை, லிசெத் எழுந்தாள். "வாயை மூடுறியா! தண்ணியைப் போட்டா ராஜாவே நான்தாம்பான் இந்த ஆளு. ஒயின் கடை உளறலைக் கேட்டுப் புடிச்சுட்டு வந்தீங்களே, உங்களுக்காவது புத்தி இருக்க வேணாம்?" கூடம் முழுக்கச் சிரிப்பு. புகைக்கறையில் ஆள் மாறிவிட்டது என்று குமாஸ்தாவே ஒத்துக்கொண்டான். மத்துரேனை விட்டார்கள், அவன் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

இப்போது உங்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். உங்கள் வாக்குமூலம் பாரிசுக்கு வரக்கூடாது.

நானும் அன்று பாஸியில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அதைப் படித்ததும் கேட்பார்கள், அப்படியானால் படத்தில் இவன் முகம் ஏன் வந்தது, இதற்கு முன்னால் அங்கே யார் இருந்தது என்று. எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது ஐயா. தடிமனாகப் போட்ட முகம் குளிர்காலம் வரைக்கும் ஈரமாகவே இருக்கும். டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் நான் போய்விடுவேன், அடியிலிருந்து மத்துரேன் வந்துவிடுவான். பிறகு சாட்சியத்தைத் திருத்திய குற்றத்துக்கு நான், அதற்கு உடந்தையாக அவன், அவனுக்குப் பின்னால் லிசெத். ஒருவர் போதும்.

நீங்கள் பேசவேண்டும் என்று அத்தனை கெஞ்சினேன், அத்தனை திட்டினேன். இப்போது பேசாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். என் வழக்கு அடுத்த வாரம். பயமாக இருக்கிறது. வீரம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

இடது மூலை மட்டும் கெட்டுவிட்டது. என் கழுத்து ரொம்பக் குட்டை.

உங்கள்,
அன்செல்ம் வொக்கியே


லெ ஹாவ்ர், மே 1

அன்செல்ம்,

நான் கிழவன், நீ என்று எழுதுகிறேன். மகனுக்கு எழுதுகிற மாதிரி.

உன் கடிதத்தை வாங்கினதும் நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் குழுவுக்குப் போனேன். வாக்குமூலம் முத்திரைக்காக மேசைமேல் இருந்தது. தலைவனிடம் சொன்னேன்: "அதைத் திருப்பிக் கொடுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"சத்தியம் பண்ணியே, பெரியவரே? ஆட்டுக்கறிக் குழம்புன்னு சாப்பாடு மொதக்கொண்டு சொன்னியே?"

"அது வேற நாள் போல. வந்தது வேற யாரோ. எனக்கு வயசாயிடுச்சு, எதுவும் ஞாபகம் நிக்கமாட்டேங்குது."

"அப்ப உன் கருவி? பொய்யே சொல்லாதுன்னு புஸ்தகம் போட்டியே?"

அது பொய் சொல்லாது என்று சொன்னேன், அன்செல்ம். அந்தப் படத்தில் இருக்கிற ஒவ்வொருவனும் அங்கே இருந்தவன்தான் என்று சொன்னேன். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் நாக்கு அதைச் சொன்னது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிற மாதிரி என்னை நடித்துக் காட்டினான். தலைவன் தாளைக் கசக்கி என் மடியில் போட்டான். "இந்தக் கிழத்தை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பண்றது? அதோட ஆளுங்களையும் கப்பலையும் சேத்து அனுப்பிவிடுங்கடா, சனியன் ஒழியட்டும்" என்றான். சாயங்காலமே மாலுமிகளை விட்டுவிட்டார்கள். கப்பல்களுக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். நான் எதற்காக உனக்கு அந்த முதல் கடிதத்தை அப்படி எழுதினேனோ, அது அத்தனையும் கிடைத்துவிட்டது. துப்பினவன் வந்து என் கையை முத்தமிட்டான். அதற்கு நான் பட்ட வேதனை துப்பினபோது படவில்லை.

கசங்கிய தாளை அடுப்பில் போட்டேன். என் அடுப்புதான், துளிப் புகை வரவில்லை. கருவியையும் அதிலேயே போட்டிருப்பேன், மத்துரேன் செய்தது என்பதால் விட்டுவிட்டேன். மீன் வண்டிக்காரனோடு அவனுக்கே அனுப்புகிறேன். கடிகாரத்துக்கு ஆகிற சக்கரம் ஏதாவது அதில் தேறும்.

காலை அலையில் கப்பல் கிளம்புகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா, வரும்போது நீ இருப்பாயா, எனக்குத் தெரியாது. நீ தப்பவேண்டும் என்று ஜெபிக்க உட்கார்ந்தேன். நீ அந்தச் சங்கத்தான் இல்லை என்று தெரியவேண்டுமானால் அந்த முகத்தை யாராவது துடைத்துப் பார்க்கவேண்டும். துடைத்தால் அடியில் மத்துரேன் தெரிவான், உன்னோடு அவன் தலையும் போகும். அதனால் அந்த ஜெபத்தையும் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நல்ல வெயில் அடிக்கட்டும், வண்ணம் சீக்கிரம் காயட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உனக்காகக் கேட்பதற்கு நீ வேறு எதையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

ஜோசையா